வேலையில் சேர்ந்தால் கச்சேரி போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 26. புல்லாங்குழலில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். வானொலிக் கலைஞர் தரவரிசையில் 'பி ஹை' கிரேடு, 'ஏ'வுக்கு ஒரு படி கீழே. ஒரு பல்கலைக்கழக இசைத்துறையில் தொகுப்பூதியத்தில் விரிவுரையாளராக வரச் சொல்கிறார்கள். "வாத்தியார் வேலைக்குப் போனா கச்சேரியை மறந்துட வேண்டியதுதான்" என்கிறார் என் குரு. வீட்டிலோ மாதச் சம்பளம் வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: சேருங்கள் அம்மா. ஆனால் குரு சொன்னதை ஒதுக்கிவிட்டுச் சேராதீர்கள். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. 28 வருஷம் கல்லூரியில் குழல் சொல்லிக்கொடுத்தவள் நான்.

முதல் வருஷம், காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வகுப்பு. புதுப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் வெறும் காற்றுதான் வரும். உதட்டைக் குவி, குழலை இன்னும் கொஞ்சம் வெளியே திருப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஊதிக் காட்ட வேண்டும். எல்லாமே முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில்தான். அந்த ஐப்பசியில் ஒரு கோயில் கச்சேரி. கல்யாணி ஆலாபனையில் ஒவ்வொரு பிடியையும் நிறுத்தி நிறுத்தி இரண்டு தரம் வாசித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் என் குரு, "பாடம் நடத்திட்டு வந்துட்டியேம்மா" என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுநாளிலிருந்து விடியற்காலை ஒன்றரை மணி நேரம், யாருக்கும் காட்டாத வாசிப்பு என்று வைத்துக்கொண்டேன். ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் நீளக் கார்வைகள், மூன்று காலம், பிறகு ஒரே ராகம் அரை மணி, நடுவில் நிறுத்தாமல். வகுப்பில் ஊதியதைச் சாதகக் கணக்கில், அதாவது சொந்தப் பயிற்சிக் கணக்கில், சேர்க்கவே கூடாது. நீங்களும் சேர்க்காதீர்கள்.

வகுப்பு எனக்குக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், தோடி ராகத்துல காந்தார ஸ்வரத்துக்கு விரல் எவ்வளவு விலகணும்?" பதினைந்து வருஷம் தோடி வாசித்தவளுக்குப் பதில் தெரியவில்லை. மெதுவாக வாசித்து என் விரலை நானே பார்த்தேன். அது மேலே எழவே இல்லை. துளையின் விளிம்பிலேயே உருண்டு, சதையின் ஓரம் மட்டும் திறந்து திறந்து மூடியது. அதைப் பார்த்த பிறகுதான் என் காந்தாரம் என் கைக்குள் வந்தது.

புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதனை உங்கள் குருவுக்கு நினைவுபடுத்துங்கள். வீணை தனம்மாளின் பேரன், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் சீடர். சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைவராக இருந்தார். பிறகு அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், 2002இல் மறையும் வரை பேராசிரியர். நடுவில் குழலைக் கீழே வைத்துவிட்டு அதே சாகித்தியத்தைப் பாடிக் காட்டும் அவருடைய கச்சேரி வேறு யாருக்கும் வராது. 1988இல் சங்கீத கலாநிதி விருதும் அவருக்குத்தான் வந்தது. வகுப்பு அவர் வாசிப்பைத் தின்றுவிட்டதா என்ன?

இனி நடைமுறை. ஒப்பந்தம் எத்தனை மாதம், விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மார்கழிக் கச்சேரிக்கு விடுப்பு கிடைக்குமா என்பதையும் சேரும்முன் பேசிவிடுங்கள். பிறகு கேட்டால் சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும். நிரந்தர வேலைக்கு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வை எழுதுங்கள், முதுகலையில் 55 சதவீதம் இருந்தால் போதும். இன்னொரு வழியும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிகளின்படி, பேர்பெற்ற குருவிடம் கற்று, வானொலியில் 'ஏ' கிரேடு பெற்று, இசை இலக்கணத்தையும் விளக்கிச் சொல்லத் தெரிந்த கலைஞர், இளங்கலைப் பட்டத்தோடேயே உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெறலாம். உங்கள் கச்சேரிதான் உங்கள் வேலைக்கும் காப்பு. 'பி ஹை'யோடு நின்றுவிடாதீர்கள்.

இந்தப் பதிலைக் குருவிடம் காட்டுங்கள். வாரம் ஒரு நாள் எதிரில் உட்கார்ந்து வாசிக்க வரட்டுமா என்று கேளுங்கள். வாத்தியார் வாசனை உங்கள் ஆலாபனையில் ஏறினால் முதலில் அவர் காதுக்குத்தான் தெரியும்.