வாசகர் கேள்வி: பனிமூட்டம் வராத செப்டம்பர்

(சான் பிரான்சிஸ்கோவின் சன்செட் பகுதியில் வெகுகாலமாக வசிக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், அந்த ஊர் வெயிலைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மதுரை வாசகி: என் மகன் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறான். செப்டம்பரில் ஒருநாள் போன் செய்து, "அம்மா, 95 டிகிரி, தாங்கவே முடியலை" என்று புலம்பினான். அது பாரன்ஹீட்; கணக்குப் போட்டால் நம் செல்சியஸில் 35. எங்கள் ஊரில் 35 என்றால் "இன்னைக்குப் பரவாயில்லை" என்போம். வெளிநாடு போனதும் பிள்ளைகள் இப்படி நொய்ந்து போய்விடுகிறார்களா?

மகனைத் திட்டாதீர்கள் அம்மா. என் அக்கா பாளையங்கோட்டையிலிருந்து இதையேதான் கேட்பாள். உங்கள் வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். தலைக்கு மேலே மின்விசிறி, காலுக்குக் கீழே மொசைக் தரை, எதிரும் புதிருமாக ஜன்னல், மத்தியானம் வெளியே போகக்கூடாது என்ற வழக்கம். இவை எல்லாம் சேர்ந்துதான் 35-ஐப் "பரவாயில்லை" ஆக்குகின்றன.

எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவை 1920 முதல் 1940-கள் வரை மணல்மேட்டில் கட்டியவை. குளிரையும் கடல் காற்றையும் மனதில் வைத்துக் கட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும், ஆகவே ஜன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான். மேலே தட்டையான தார்க்கூரை. உத்தரத்தில் மின்விசிறி மாட்ட ஒரு கொக்கிகூடக் கிடையாது. ஏசி இருக்கும் வீடுகள் பாதிகூட இல்லை. முதல் நாள் எப்படியோ ஓடிவிடும். கூரையும் சுவரும் குடித்த சூட்டை ராத்திரி உள்ளேதான் கக்கும். இரண்டாம் ராத்திரிதான் உண்மையான சோதனை.

உடம்பும் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். இங்கே வெயில் மூன்று நாள் அடித்துவிட்டுப் போய்விடுகிறது, எங்கே பழகுவது? மதுரையில் பழகிய பழக்கமும் சில வாரக் குளிரிலேயே போய்விடும். உங்கள் மகன் புலம்பியது நியாயம்தான்.

கோவை வாசகர்: ஜூலையில் அங்கே வந்தபோது ஸ்வெட்டர் போட்டு நடுங்கினேன். செப்டம்பரில் எப்படி வெயில்?

வந்தவர்கள் எல்லோரும் நடுங்கத்தான் செய்வார்கள். வெயில்காலத்தில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு கொதிக்கும். அங்கே சூடான காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று கோல்டன் கேட் நீரிணை வழியாக உள்ளே பாயும். குளிர்ந்த கடல்மேல் வருவதால் பனிமூட்டத்தையும் கூட்டி வரும். ஆகஸ்டில் எங்கள் தெருவில் எதிர்வீடு தெரியாது.

கோடை முடிகிற சமயத்தில் கிழக்கே நெவாடா பக்கம் காற்றழுத்தம் கூடினால் எல்லாம் தலைகீழ். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். மலையிலிருந்து இறங்கும்போது அழுத்தப்பட்டு இன்னும் சூடாகும். பனிமூட்டம் கடலுக்கே திரும்பிவிடும். செப்டம்பரில் இங்கே பகல் வெப்பம் சராசரியாக 70 (21 செல்சியஸ்). 2017 செப்டம்பர் 1 அன்று நகரின் மையத்தில் 106 பதிவானது, அதாவது 41 செல்சியஸ். அதற்கு முந்தைய உச்சம் 2000-ஆம் ஆண்டின் 103.

சான் பிரான்சிஸ்கோ ரிச்மண்ட் பகுதி வாசகி: வாடகை வீடு, மூன்றாம் மாடி, ஏசி இல்லை. ஊரிலிருந்து அத்தை வந்திருக்கிறார்கள், 74 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். என்ன செய்வது?

வீட்டு உரிமையாளரிடம் ஏசி கேட்டுப் பயனில்லை. இங்கே ஹீட்டர்தான் கட்டாயம், ஏசி இல்லை. ஜன்னலிலிருந்து ஆரம்பியுங்கள். ஊர்ப் பழக்கத்தில் பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து வைப்போம், இங்கே அது வேண்டாம். உள்ளே இருப்பதைவிட வெளியே சூடாகும் நிமிடத்தில், அனேகமாகக் காலை ஒன்பது பத்துக்குள், எல்லாவற்றையும் சாத்திவிடுங்கள். திரை உள்ளே இருப்பதைவிட வெளியே இருந்தால் நல்லது. மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட முடிந்தால் தொங்கவிடுங்கள். பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

இருட்டியதும் திறங்கள். பழைய வீட்டு ஜன்னல் மேலும் கீழும் நகரும் வகை என்றால், மேல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, கீழ்க் கண்ணாடியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சூடு மேலே வெளியேறும், குளிர்ச்சி கீழே வரும். ஒரு மின்விசிறியைப் பின்பக்க ஜன்னலில் வெளியே பார்த்து வைத்தால் முன்பக்கத்திலிருந்து கடல்காற்றை இழுத்துத் தரும். விசிறியைத் தன் முகத்துக்குத்தான் திருப்ப வேண்டும் என்று என் வீட்டுக்காரர் இன்னும் வாதாடுகிறார்.

அறைக்குள் 90-ஐ (32 செல்சியஸ்) தாண்டிவிட்டால் வெறும் விசிறியை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. அத்தையின் கையையும் கழுத்தையும் ஈரத்துண்டால் துடைத்துவிட்டு விசிறி போடுங்கள். சென்னைப் புழுக்கத்தில் இது அவ்வளவாக எடுபடாது. இங்கே நிலக்காற்று வறண்டது, ஈரம் உடனே காய்ந்து குளிர்ச்சி தரும். ஊரில் யாராவது வெட்டிவேர் தட்டி அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

தாகம் எடுக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. மணிக்கு ஒரு தம்ளர் நீர்மோர் கையில் கொடுங்கள். ஆனால் பிரஷர் இருப்பதால் உப்பு எவ்வளவு என்பதையும், நீர் பிரியும் மாத்திரை இருந்தால் அதை என்ன செய்வது என்பதையும் டாக்டரிடம் வெயிலுக்கு முன்பே கேட்டு வையுங்கள்; நீங்களாக நிறுத்தக் கூடாது. சமையலைக் காலையிலேயே முடித்து, தயிர்சாதத்தோடு நாளை ஓட்டுங்கள். மூன்றாம் மாடிதான் எல்லாவற்றையும்விடச் சூடு. மதியம் அத்தையைக் குளிர்ச்சியாக இருக்கும் நகர மெயின் லைப்ரரிக்குக் கூட்டிப் போய் உட்கார வையுங்கள், "படிக்க வரவில்லையே" என்று கூச்சப்பட வேண்டாம். அத்தை குழறிப் பேசினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ, மயங்கினாலோ, யோசிக்காமல் அவசர எண் 911-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருங்கள்.

சான் ஹோசே வாசகர்: எங்களிடம் ஏசி இருக்கிறது. நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?

கரண்டுக்காக. 2022 செப்டம்பர் 6 அன்று உங்கள் ஊரில் 109 (43 செல்சியஸ்). அன்று மாநிலத்தின் மின்தேவை 52,061 மெகாவாட் வரை ஏறியது, அதுவரை காணாத உச்சம். மாலை ஆறு மணிக்குச் சற்று முன், மின்சாரத்தைக் குறைக்கச் சொல்லி எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, நினைவிருக்கிறதா? சில நிமிடங்களிலேயே தேவை ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் இறங்கியது. சூரிய மின்சாரம் ஓயும் நான்கு மணி முதல் ஒன்பது மணி வரைதான் நெருக்கடி. மூன்று மணிக்குள் வீட்டை நன்றாகக் குளிரவைத்துவிட்டு, அப்புறம் ஏசியை 78-இல் (சுமார் 26 செல்சியஸ்) வையுங்கள். கிரைண்டரைக் காலையில் போடுங்கள்.

ஓக்லாண்ட் வாசகி: காட்டுத்தீப் புகையும் சேர்ந்து வந்தால்?

அதுதான் பெரிய சங்கடம். ராத்திரி ஜன்னலைத் திறக்க முடியாது. சதுர மின்விசிறியின் பின்புறம் மெர்வ் 13 (புகைத் துகளைப் பிடிக்கும் தரம்) வடிகட்டியை ஒட்டி ஒரே அறையில் ஓடவிட்டு, எல்லோரும் அந்த அறையிலேயே படுங்கள். வீடு அனலாகிவிட்டால் ஏசி உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். வடிகட்டியை ஜூனிலேயே வாங்குங்கள், செப்டம்பரில் கடையில் கிடைக்காது.

டேலி சிட்டி வாசகர்: செப்டம்பர் முடிந்தால் விசிறியைப் பரணில் ஏற்றிவிடலாமா?

வேண்டாம். அக்டோபரிலும் நிலக்காற்று வரும். நவம்பர் பிறக்கட்டும்.