மகளின் டைட்டர் 6.8தான் வந்திருக்கிறது, குழந்தையில் போட்ட ஊசி வீணா?

கேள்வி: மகள் நர்சிங் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். கைக்குழந்தையாக இருந்தபோதே ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணையும் போட்டோம், அட்டை பத்திரமாக இருக்கிறது. கல்லூரியில் கேட்டார்கள் என்று ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தோம். 6.8 என்று வந்து, பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ‘நான்-ரியாக்டிவ்’ என்று அச்சாகியிருக்கிறது. ஊசி வேலை செய்யவில்லையா? மறுபடியும் மூன்றும் போட வேண்டுமா?

பதில்:

வீணில்லை. இப்போதைக்கு ஒரே ஒரு ஊசி போடுங்கள். ஒரு மாதம் கழித்து இதே டெஸ்டை மறுபடி எடுங்கள். பெரும்பாலோருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

நான் பதினெட்டு வருடமாக லேப் டெக்னீஷியன். உங்கள் மகளைப் பயமுறுத்தும் இந்த எண் ஒரு காலத்தில் என் வயிற்றையும் கலக்கியிருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ரிப்போர்ட்டில் டெஸ்டின் பெயரைப் பாருங்கள். ‘ஹெச்பிஎஸ் ஏஜி’ என்றால் அது வைரஸின் மேலுறைப் புரதம், உடம்பில் நோய் இருக்கிறதா என்று தேடுவது. ‘ஆன்டி-ஹெச்பிஎஸ்’ என்றால் அதற்கு எதிராக உடம்பு செய்து வைத்திருக்கும் ஆன்டிபாடி. ஆஸ்பத்திரியில் ‘டைட்டர்’ என்று சொல்வது இதைத்தான். முதலாவது நெகட்டிவாக வந்தால் நல்லது, இரண்டாவது பாசிட்டிவாக வந்தால் நல்லது. பெயர் இவ்வளவு ஒட்டி இருப்பதால் எங்கள் கவுண்டரில் நடக்கிற கூத்துக்கு அளவே இல்லை. “ஹெபடைடிஸ் பி டெஸ்ட்” என்று மட்டும் சொன்னால் பில் போடுகிறவர் முதலாவதைத்தான் போடுவார். ஒருமுறை நாற்பது வயதுக்காரர் ஒருவர் கையில் ரிப்போர்ட்டோடு முகம் வெளுத்து வந்து நின்றார். “எனக்கு மஞ்சக்காமாலை பாசிட்டிவாம் மேடம், வீட்டுல இன்னும் சொல்லல.” வாங்கிப் பார்த்தால் ஆன்டி-ஹெச்பிஎஸ், 412. போய் வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். உங்களுடையது ஆன்டிபாடி டெஸ்ட் என்று சொல்வதால் சரியான டெஸ்ட்தான் எடுத்திருக்கிறீர்கள்.

இந்த எண்ணில் கோடு கிழித்திருப்பது 10-ல். ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட், அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட அளவு. ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை ரிப்போர்ட்டில் யாரும் அச்சடிப்பதில்லை. கடைசித் தவணை போட்டு ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எடுத்தால்தான் ‘ஊசி பிடித்ததா இல்லையா’ என்ற கேள்விக்கு இந்த எண் நேரான பதில் சொல்லும். உங்கள் மகளுக்கு ஊசி போட்டு பதினேழு, பதினெட்டு வருடம் ஆகியிருக்கும். ஆன்டிபாடி வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டே வருவது இயல்பு. குழந்தையில் போட்டவர்கள் பலருக்கு இந்த வயதில் 10-க்குக் கீழேதான் வரும்.

அப்படியானால் பாதுகாப்பு போய்விட்டதா என்றால், இல்லை. ஒருமுறை சரியாகப் பிடித்த உடம்பில் நினைவு செல்கள் தங்கிவிடுகின்றன. ஹெபடைடிஸ் பி ரொம்ப நிதானமான வைரஸ். உள்ளே நுழைந்து நோயாக வெளிப்பட இரண்டு முதல் ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளும். அந்த அவகாசத்துக்குள் நினைவு செல்கள் விழித்து ஆன்டிபாடியை மளமளவென்று செய்துவிடும். குழந்தையில் போட்ட ஊசியின் பாதுகாப்பு இருபது, முப்பது வருடம் தாண்டியும் நிற்பதற்கு இதுதான் காரணம். அதனால்தான் பொதுமக்களுக்கு பூஸ்டரும் தேவையில்லை, டைட்டரும் தேவையில்லை.

அப்புறம் ஏன் நர்சிங் மாணவியிடம் மட்டும் கேட்கிறார்கள்? இங்கேதான் என் கதை வருகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை, மூன்று தவணையும் போட்டார்கள். ரிஜிஸ்டரில் கையெழுத்தும் வாங்கினார்கள். டைட்டர் பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மூன்று வருடம் கழித்து ஒரு நாள் காலை வார்டில் ரத்தம் எடுத்துவிட்டு, செய்யவே கூடாத காரியத்தைச் செய்தேன்: ஊசிக்குத் திரும்ப மூடி போட்டேன். மூடி வழுக்கியது. இடது ஆள்காட்டி விரலில் கிளவுஸுக்கு உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது, அவ்வளவுதான். நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஹெச்பிஎஸ் ஏஜி பாசிட்டிவ் என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு (பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கவே கூடாது) தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டரிடம் ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “டைட்டர் எவ்ளோம்மா?”

“மூணு டோஸும் போட்டாச்சு சிஸ்டர்.”

“அத கேக்கல. டைட்டர்.”

அன்று மதியம் எனக்கே டெஸ்ட் போட்டுப் பார்த்தோம். 2-க்கும் கீழே. மூன்று வருடத்தில் இறங்கியதா, அல்லது முதலிலிருந்தே பிடிக்கவில்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஊசி முடிந்த கையோடு ஒருமுறை பார்த்து எழுதி வைத்திருந்தால், 10-க்கு மேல் வந்திருக்கும் பட்சத்தில், அன்று எனக்கு எந்த மருந்தும் தேவைப்பட்டிருக்காது. கழுவிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். எழுதி வைக்காததால் இம்யூனோகுளோபுலின் போட வேண்டியதாயிற்று. வேறொருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த தயார் ஆன்டிபாடி அது. 24 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, ஏழு நாளுக்கு மேல் தள்ளக் கூடாது. அது இடுப்பில், தடுப்பூசியின் புதிய முதல் தவணை கையில், ஒரே நாளில் இரண்டும். பிறகு ஆறு மாதம் காத்திருப்பு. தடுப்பில்லாத ஒருவருக்கு இப்படிக் குத்தினால் ஹெச்ஐவி தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் பி என்றால் நோயாளியின் நிலையைப் பொறுத்து நூறில் ஆறிலிருந்து முப்பது வரை. லேபில் வேலை பார்ப்பதால் இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

எனக்கு முதல் சுற்று ஏன் பிடிக்கவில்லை என்று பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். மூன்றையும் இடுப்பில் போட்டார்கள். பெரியவர்களுக்கு இந்த ஊசியைத் தோள்பட்டைத் தசையில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி ஆன்டிபாடி குறைவாக வரும் என்பது 1980-களிலேயே தெரிந்த விஷயம். இன்னொரு சந்தேகம் ஃபிரிட்ஜ். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், ஃபிரீசருக்கு நேர் கீழ்த் தட்டில் ஊசி மருந்து, அதன் பக்கத்தில் யாரோ ஒருவருடைய தயிர் டப்பா. இந்த மருந்து 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலைவிட இதற்கு உறைதல்தான் பெரிய எமன். ஒருமுறை உறைந்தால் அதிலுள்ள அலுமினிய உப்பு திரிந்துபோகும், குலுக்கினால் திரிந்த பால் மாதிரி துகள் துகளாக அடியில் இறங்கும். எனக்குப் போட்டது அப்படி ஆனதா என்று இனி எப்படித் தெரியும்? சரியாகப் போட்டாலும் ஆரோக்கியமான பெரியவர்களில் நூறுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு முதல் சுற்றில் பிடிக்காது. நாற்பது தாண்டியவர்கள், புகை பிடிப்பவர்கள், உடல் பருமன், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டாம் சுற்று முடிந்ததும் எனக்கு 640 வந்தது. வைரஸும் ஒட்டவில்லை.

இடையில் இன்னொரு கூத்து. இம்யூனோகுளோபுலின் போட்ட ஒரு மாதத்தில் ஆர்வக்கோளாறில் நானே டைட்டர் பார்த்தேன், நன்றாக ஏறியிருந்தது. எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். “அது கடன் வாங்கின காசும்மா, உன் சம்பாத்தியம் இல்ல” என்றார் சிஸ்டர். இம்யூனோகுளோபுலின் போட்டால் அது கரைய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், அதுவரை டைட்டர் பார்த்துப் புண்ணியமில்லை.

சரி, உங்கள் மகள் விஷயம். டாக்டரிடம் அட்டையையும் ரிப்போர்ட்டையும் காட்டி ஒரு தவணை, தோள்பட்டையில். நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஆன்டி-ஹெச்பிஎஸ், ‘குவான்டிடேட்டிவ்’ என்று கேட்டு, எண்ணோடு வாங்குங்கள். 10-க்கு மேல் வந்தால் கதை முடிந்தது. பழைய நினைவு செல்கள் இருந்தால் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் ஏறும். இன்னமும் 10-க்குக் கீழே என்றால் மீதி இரண்டு தவணையும் போட்டு மறுபடி ஒரு டெஸ்ட். அதிலும் வரவில்லை என்றால் மட்டும் ஹெச்பிஎஸ் ஏஜியும் ஆன்டி-ஹெச்பிசியும் (இதே வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி) பார்க்கச் சொல்வார்கள், ஏற்கெனவே வைரஸ் வந்து தங்கியிருக்கிறதா என்று தெரிய. எதுவும் இல்லாமல் ஆன்டிபாடியும் வராதவர்கள் சிலர் உண்டு. அவர்களும் நர்ஸாக வேலை பார்க்கலாம். ஊசி குத்தினால் இம்யூனோகுளோபுலின் உடனே போட்டாக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஊசி போட்ட மூன்று வாரத்துக்குள் ஹெச்பிஎஸ் ஏஜி டெஸ்ட் எதற்காகவும் எடுக்க வேண்டாம். ஊசி மருந்தே அந்தப் புரதம்தான் என்பதால் சில நாள் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டிவிடும்.

“நாங்களும் டைட்டர் பார்க்கவா?” என்று வீட்டில் மற்றவர்கள் கேட்பார்கள். வேண்டாம். டயாலிசிஸ் செய்பவர்கள் (அவர்களுக்கு வருடா வருடம்), நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், வைரஸ் உள்ளவரின் கணவன் அல்லது மனைவி, வைரஸ் உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை, இவர்களுக்குத்தான் தேவை. 2021-ல் கொரோனா ஊசி போட்டுவிட்டு ஊரே ஆன்டிபாடி டெஸ்டுக்கு வரிசையில் நின்றது. எண்ணை வாட்ஸப்பில் போட்டு ஒப்பிட்டுக்கொண்டார்கள். அங்கே இந்த 10 மாதிரி, இதற்கு மேல் பயமில்லை என்று ஒப்புக்கொண்ட கோடே அப்போது கிடையாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அந்த மே மாதம், ஊசி போட்டபின் பாதுகாப்பை அளக்க இந்த டெஸ்டை நம்பாதீர்கள் என்று சொன்னது. லேப்களுக்கு நல்ல வருமானம், நானும் அதில் ஓவர்டைம் பார்த்தவள்தான்.

போன வருடம் லேபில் புது மெஷின் வந்தபோது சோதனை ஓட்டத்துக்கு என் ரத்தத்தையே போட்டேன். 8.1. சின்னப் பெண் ஒருத்தி பதறிப்போய், “அக்கா, உங்களுக்கு நான்-ரியாக்டிவ் காட்டுது” என்றாள். பீரோவில் வைத்திருக்கும் அந்த 640 ரிப்போர்ட்டை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அதைக் காட்டினேன். உங்கள் மகளுக்கும் அடுத்த ரிப்போர்ட் வந்ததும் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தாள் மங்கிவிடும்.