விழுகிற எம்சிபியைத் திட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் வீடு 1998-ல் கட்டியது. போன மாதம் ஒன்றரை டன் ஏசி வாங்கி, கெய்சர் ஓடுகிற லைனிலேயே மாட்டினோம். ஏசி ஓடும்போது கெய்சரும் அயர்ன்பாக்ஸும் சேர்ந்தால் அரைமணி நேரத்தில் எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போடாதீர்கள் அம்மா. முப்பது வருஷமாக நான் அதிகம் சண்டை போட்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். எம்சிபி உங்கள் ஏசிக்குக் காவல் இல்லை. சுவருக்குள் பைப்பில் ஓடுகிறதே வயர், அதற்குத்தான் காவல். அதனால் வயரைப் பார்த்துத்தான் எம்சிபி வாங்க வேண்டும், சாமானைப் பார்த்து அல்ல.

கணக்கு இதுதான். ஏசி ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர், 2000 வாட்ஸ் கெய்சர் 8.7, அயர்ன்பாக்ஸ் 1000 வாட்ஸ் என்றால் 4.3. மூன்றும் சேர்ந்தால் 21 ஆம்பியர் பக்கம் வருகிறது. 16 ஆம்பியர் எம்சிபி, 16-ஐத் தாண்டிய நொடியே விழாது. 18 வரை ஒரு மணி நேரம் தாங்கும். 23-க்கு மேல் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். உங்களுடையது நடுவில் இருப்பதால் அரைமணி நேரம் யோசித்துவிட்டு விழுகிறது. தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

32 போட்டால் என்ன ஆகும்? 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்கு அது அசையாது. அந்தக் காலத்தில் இழுத்தது ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயராக இருந்தால், அவ்வளவு நேரமும் அதுதான் வெந்துகொண்டிருக்கும். ஒரு வீட்டில், ‘நம்ம எம்சிபி ஒருநாளும் விழுந்ததே இல்லை’ என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். மீன் வாடை மாதிரி வருகிறதே என்றுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார். சுவிட்ச் பாக்ஸைத் திறந்து வயரை லேசாக வளைத்தேன். மேல்தோல் அப்பளமாக நொறுங்கிக் கையில் வந்தது. உள்ளே செம்பு கருத்திருந்தது. எம்சிபிகள் எல்லாம் இருக்கும் டிபி பாக்ஸில் இருந்தது 32.

உங்களுக்கு வழி இருக்கிறது, கொஞ்சம் செலவுதான். டிபி பாக்ஸிலிருந்து ஏசிக்கு மட்டும் தனியாக 4 ஸ்கொயர் செம்பு வயர் இழுத்து, சி20 எம்சிபி போடச் சொல்லுங்கள். கெய்சர் லைன் இரண்டரை ஸ்கொயராக இருந்தால் அங்கே 16 அப்படியே இருக்கட்டும். ஒன்றரைதான் என்றால் அதையும் மாற்றிவிடுங்கள். லைட், ஃபேனுக்கு ஒன்றரை ஸ்கொயரும் 6 அல்லது 10 ஆம்பியரும் போதும்.

சி என்ற எழுத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார், கம்ப்ரசர் எல்லாம் ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு இழுக்கும். பி வகை, அதில் போட்டிருக்கும் ஆம்பியரைப்போல் 3 முதல் 5 மடங்கு வந்தாலே உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். ஏசி, மோட்டார், ஃபிரிட்ஜுக்கு சி வாங்குங்கள். டி வகையைக் கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது வெல்டிங் பட்டறைச் சமாசாரம்.

கேள்வி: மழை பெய்தால் ஆர்சிசிபி விழுந்து வீடே இருட்டாகிறது. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிட்டார். இப்போது தொந்தரவில்லை. இப்படியே விடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தொந்தரவு போகவில்லை சார், அதைச் சொல்ல ஆள்தான் இல்லை. போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று ஆர்சிசிபி பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், வேறு எங்கோ கசிகிறது என்று விழுந்துவிடும். அந்த ‘எங்கோ’ உங்கள் உடம்பாகவும் இருக்கலாம். 6 ஆம்பியர் எம்சிபிக்கு 30 மில்லி என்பது இருநூறில் ஒரு பங்கு, கண்ணிலேயே படாது. எனவே இன்றே திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் திருடனைப் பிடிக்கலாம். மழை நாளில் எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்த லைன்தான். நான் பார்த்தவரை பத்துக்கு ஏழு கேட் லைட், மிச்சம் காலிங்பெல் சுவிட்சும் மோட்டாரும். ஒரு கேட் லைட் குளோபுக்குள் கால்வாசி தண்ணீரும் அதில் மிதக்கும் எறும்புகளும் இருந்தன. எம்சிபி எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால், நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்று அர்த்தம். ஒற்றை எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும். அதைத் தேட ஆள் வேண்டும், நீங்களே கை வைக்காதீர்கள்.

வெளி லைட்டுகளுக்கும் மோட்டாருக்கும் தனி ஆர்சிசிபி போட்டுவிட்டால் வீட்டுக்குள் இருட்டாகாது. இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் இருக்கும் வீட்டுக்கு ‘ஏ’ வகை ஆர்சிசிபி கேட்டு வாங்குங்கள். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள். ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால் மட்டும் அதுவும் காப்பாற்றாது.

கேள்வி: ஐசொலேட்டரும் எம்சிபியும் ஒரே மாதிரி இருக்கின்றன. விலை குறைவாக இருக்கிறதே என்று ஐசொலேட்டரே போடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: முடியாது. ஐசொலேட்டர் வெறும் சுவிட்ச். ஷார்ட் ஆனாலும் தானாக விழாது. மெயினை இறக்கி வேலை பார்க்க மட்டும்தான் அது. முன்பக்கம் எண்ணுக்கு முன்னால் பி, சி என்று எழுத்து இருந்தால் எம்சிபி. அதன் கீழே கட்டத்துக்குள் 10000 என்று இருக்கிறதா பாருங்கள். எவ்வளவு பெரிய ஷார்ட்டை அது வெட்டும் என்கிற கணக்கு அது.

கேள்வி: தினமும் காலை, மாலை எம்சிபியை ஏற்றி இறக்கித்தான் கிணற்று மோட்டாரை ஓட்டுகிறோம். தவறா?
– வாசகி, பல்லடம்

பதில்: எம்சிபியைத் தரச் சோதனையில் 4000 முறை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். நாளுக்கு இரண்டு முறை என்றால் ஐந்தரை வருஷத்தில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடுவீர்கள். மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலே (லோடு கூடினால் மோட்டாரை நிறுத்துவது) உள்ள ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டுங்கள்; எம்சிபி பின்னால் சும்மா இருக்கட்டும். இப்போது இருக்கிற எம்சிபியை இறக்கியதும் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பதைவிடச் சூடாக இருந்தால் திருகு லூசாக இருக்கலாம், எலக்ட்ரீஷியன் வரும்போது அதையும் காட்டுங்கள்.