கடலில் 60 நாள் தத்தளித்தவன் உயிரோடு திரும்பினால் வாசகர் நம்புவாரா?

கேள்வி: என் முதல் நாவலில் ஒரு மீனவன் இன்ஜின் பழுதாகி 60 நாள் கடலில் தத்தளிக்கிறான். கடைசி அத்தியாயத்தில் ஒரு கப்பல் அவனைக் காப்பாற்றுகிறது, மனைவிக்குக் குழந்தை பிறக்கும் நாளில் வீடு வந்து சேர்கிறான். படித்தவர்கள் சினிமா மாதிரி இருக்கிறது என்கிறார்கள். போட்டிக்கு அனுப்ப உதவுவதாகச் சொன்ன ஒருவர், அவன் செத்தால்தான் பரிசு கிடைக்கும் என்கிறார். நிஜத்திலேயே இப்படி நடந்திருக்கிறதே, முடிவை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: சாகடிக்க வேண்டாம், அவன் பிழைத்து வரட்டும். ஆனால் "நிஜத்திலேயே நடந்திருக்கிறது" என்ற வாதத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், நாவலுக்குள் அது செல்லாது.

ஏனென்றால் நிஜத்தில் நடந்ததையே ஜனங்கள் லேசில் நம்புவதில்லை. ஹோசே சால்வடோர் அல்வரெங்கா என்ற எல் சால்வடோர் நாட்டு மீனவர் 2012 நவம்பரில் மெக்சிகோ கரையிலிருந்து ஒரு சின்னப் படகில் மீன்பிடிக்கப் போனார். புயலில் சிக்கி இன்ஜினும் போய் ரேடியோவும் போய், 2014 ஜனவரி 30 அன்று பசிபிக்கின் மறுகோடியில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எபோனில் கரையேறினார். 438 நாள். உடனே சந்தேகம் கிளம்பிவிட்டது, அத்தனை நாள் கடலில் கிடந்தவர் முகம் இப்படி உப்பியிருக்குமா என்று. நீரோட்டக் கணக்குகள் அவர் சொன்னதோடு ஒத்துப்போயின, சரி. ஆனால் எனக்கு நம்பிக்கை வந்தது அவர் சொன்ன சில்லறை விவரங்களில்தான். மீன் போடும் ஐஸ் பெட்டிக்குள் சுருண்டு வெயிலிலிருந்து தப்பியிருக்கிறார், படகில் வந்து உட்காரும் பறவையைக் கையால் பிடித்துப் பச்சையாகத் தின்றிருக்கிறார், மழை பொய்த்தபோது ஆமை ரத்தம் குடித்திருக்கிறார். கூடப் போன இளைஞர் எசெக்கியேல் கோர்டோபா ஒரு கட்டத்தில் சாப்பிட மறுத்து நடுக்கடலிலேயே இறந்துபோனார். கரை சேர்ந்த அல்வரெங்காவுக்கு ரத்தசோகை, கணுக்கால் வீக்கம், தண்ணீரைக் கண்டாலே பயம். ஊர் திரும்பிய பிறகு, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மெக்சிகோவுக்குப் போய் அந்த இளைஞரின் தாயைச் சந்தித்தார்.

உங்கள் நாவலில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? 60 நாளில் அவன் என்ன தின்றான், எதில் தண்ணீர் பிடித்தான், எந்த இடத்தில் தோல் உரிந்தது என்று காட்டினால் வாசகர் அவனோடு படகில் இருப்பார். "நாட்கள் நகர்ந்தன" என்று எழுதினால் வெளியே நின்றுகொண்டு உங்களிடம் கணக்குக் கேட்பார்.

அடுத்தது அதிர்ஷ்டம் எங்கே வருகிறது என்பது. 1971 டிசம்பர் 24 அன்று பெருவில் ஒரு பயணிகள் விமானம் இடிமழையில் உடைந்து, 17 வயது யூலியானே கெப்கே இருக்கையோடு சுமார் 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து காட்டுக்குள் விழுந்து பிழைத்தார். கூடவே வந்த அவருடைய அம்மா உட்பட மற்ற 91 பேரும் இறந்தார்கள். விழுந்து பிழைத்தது சுத்தமான அதிர்ஷ்டம். ஆனால் அதற்குப் பிறகு 11 நாள்! ஓடையைப் பிடித்துக்கொண்டே போனால் மனிதர்கள் இருக்கும் இடம் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் உயிரியலாளர்களான பெற்றோரோடு அவர் காட்டிலேயே வாழ்ந்தவர். கையில் புழு வைத்த காயத்தில், ஆற்றோரம் கிடைத்த படகின் எரிபொருளை ஊற்றிப் புழுக்களை வெளியே எடுத்தார். இதைக் கதையாக எழுதினாலும் வாசகர் நம்புவார், அதிர்ஷ்டம் முதலிலேயே செலவாகிவிட்டது, மீதி முழுக்க அவருடைய கையும் காலும்.

நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். அதிர்ஷ்டத்தை எல்லாம் சேர்த்து வைத்துக் கடைசி அத்தியாயத்தில் கொட்டியிருக்கிறீர்கள், கப்பல் ஒன்று, பிரசவம் ஒன்று. பிரசவத்தை எடுத்துவிடுங்கள், குழந்தை முன்பே பிறந்திருக்கட்டும், அப்பாவைப் பார்த்து அழட்டும். காப்பாற்றும் கப்பலுக்கு முன்னால் இரண்டு கப்பல்கள் அவனைக் கவனிக்காமல் போகட்டும். அல்வரெங்காவும் அப்படிக் கடந்துபோன கப்பல்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். கதையை அவனே "நான்" என்று சொன்னால், அவன் பிழைத்துவிட்டான் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அப்போது பிழைப்பானா என்ற கேள்வியே கிடையாது, எப்படிப் பிழைத்தான், என்ன ஆனான் என்பதுதான் கதை, எனவே கடைசியில் வரும் கப்பலை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த "நான்" நாட்குறிப்பாக இருந்தால் இந்தச் சலுகை கிடையாது, எழுதியவன் அடுத்த நாளே செத்திருக்கலாம் அல்லவா. கரைக்கு வந்து வருடங்கள் கழித்துச் சொல்கிறான் என்றால் முழுச் சலுகை. பாதி "நான்", பாதி "அவன்" என்று எழுதினால் மறுபடி சிக்கல். உங்கள் நாவல் முழுக்க "அவன்" என்று போவதால் இது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, பயந்துபோய் இப்போது எல்லாவற்றையும் "நான்" என்று மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள்.

இப்போது அந்த உதவும் மனிதரைப் பற்றி. போட்டிக்கு அனுப்ப யாருடைய உதவியும் தேவையில்லை. விதிமுறையைப் படித்து, கேட்கிற மாதிரி தட்டச்சு செய்து, நீங்களே அனுப்பலாம். இந்த ஆட்கள் முதலில் மதிப்பீட்டுக் கட்டணம் என்பார்கள், அப்புறம் செம்மையாக்கம், அப்புறம் நூறு பிரதியை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பார்கள். யார் வந்தாலும் கதாநாயகனைச் சாகடி என்பதுதான் ஆலோசனை, ஏனென்றால் அதைச் சொல்ல நாவலைப் படிக்கவே வேண்டாம். அவரிடம் ஐந்தாம் அத்தியாயத்தில் என்ன குறை என்று கேட்டுப் பாருங்கள், பக்க எண்ணோடு பதில் வராவிட்டால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உரிமை பற்றி எந்தக் காகிதம் நீட்டினாலும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள்.

இவர்களுக்கு ஏன் பிழைப்பு நடக்கிறது என்றால், நம் பதிப்பகங்கள் பலவற்றில் எடிட்டர் என்று ஓர் ஆளே கிடையாது, மெய்ப்பு பார்த்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நடுவர்களும் அப்படித்தான், சோகமாக முடிந்தால் கனமான நாவல், சிரிப்போடு முடிந்தால் வெகுஜனம் என்று ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எத்தனை நல்ல கதைகளில் பிழைத்திருக்க வேண்டியவர்கள் இவர்களுக்காகச் செத்தார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. இந்த வருடப் போட்டிக் கெடு தவறினால் தவறட்டும். கடலில் நடக்கும் அத்தியாயங்களை முதலில் திரும்ப எழுதுங்கள், எழுதும்முன் இன்ஜின் கெட்டுக் கடலில் ஓர் இரவாவது கிடந்த மீனவர் யாரிடமாவது பேசிவிடுங்கள்.