வேலையை விட்டுத் தோட்டத்துக்குக் குடிபோகலாமா? அடுப்படியிலிருந்து ஒரு கணக்கு

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 44 வயது. மதுரை விளாங்குடியில் சொந்த வீடு, கடன் இல்லை. கப்பலூரில் ஒரு தனியார் கம்பெனியில் 16 வருடமாக வேலை. பிடித்தம் போகக் கைக்கு 62,000 ரூபாய் வருகிறது. மனைவி பள்ளி ஆசிரியை, சம்பளம் 16,000. மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. மாதச் செலவு 42,000. அதில் சாப்பாட்டுக்கு மட்டும் 15,000. போன வருடம் எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. அப்போதிருந்து நல்ல சாப்பாடு, நல்ல காற்று, உடல் உழைப்பு என்று வாழ வேண்டும் என்ற எண்ணம் விடவே இல்லை. அலங்காநல்லூருக்கும் பாலமேட்டுக்கும் நடுவே 3 ஏக்கர் தோட்டம், கிணறு, இருபது தென்னை, ஓட்டு வீட்டோடு 45 லட்சத்துக்கு வருகிறது. தனியாக உள்ள காலி மனையை விற்றால் 22 லட்சம், பி.எஃப். 14 லட்சம், மீதி 9 லட்சம் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். வங்கி டெபாசிட் 11 லட்சம் தனியாக இருக்கிறது. விற்காவிட்டால் ஏக்கருக்கு வருடம் 20,000 குத்தகைக்கும் தருவதாக உரிமையாளர் சொல்கிறார். இயற்கை அங்காடியில் கிலோ 150 ரூபாய்க்கு விற்கும் அரிசியை நாமே விளைவித்தால், சாப்பாட்டிலேயே மாதம் 20,000 மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, உங்கள் ஆசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தோட்டத்துக்குப் போங்கள். ஆனால் நிலத்தை இப்போது வாங்க வேண்டாம், வேலையை இன்னும் மூன்று வருடத்துக்கு விட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வளர்ந்தது சோழவந்தான் பக்கம். அறுப்பு முடிந்தால் எங்கள் வீட்டுக் குதிர் நிறைந்திருக்கும். வெற்றிலை, தேங்காய், வாழைக்காய் எதற்கும் பஞ்சமில்லை. ஆனால் ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் நோட்டுப் புத்தகம் வாங்க அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போகும். வயிறு நிறைவதும் பை நிறைவதும் வேறு வேறு என்பதை அந்த வீட்டில்தான் கற்றேன். தோட்டம் முதலில் சாப்பாட்டைத் தரும், காசைப் பிறகுதான் தரும். அந்த வரிசையிலேயே நாமும் கணக்குப் போட வேண்டும்.

முதலில் அந்த 20,000. நீங்கள் இப்போது செலவழிப்பதே 15,000தான். செலவழிக்காத காசை மிச்சம் பிடிக்க முடியாது. வீட்டில் சாப்பிடுவதை அங்காடி விலைக்குப் போடாதீர்கள், இன்று உங்கள் தெருக் கடையில் கொடுக்கும் விலைக்குப் போடுங்கள். நால்வருக்கு மாதம் 30 கிலோ அரிசி, 1,800 ரூபாய். கடலை எண்ணெய் 3 லிட்டர், 600. காய்கறி, கீரையில் 2,200. வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு எப்படியும் கடையில்தான். பயறு வகையில் 800, முட்டை 600, தேங்காய், வாழைப்பழம், பப்பாளியில் 1,000. கூட்டினால் 7,000. பால், கறி, மீன், புளி, சர்க்கரை, டீத்தூள் எல்லாம் வாங்கத்தான் வேண்டும்.

7,000 என்றதும் மனம் சுருங்க வேண்டாம். இந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று பார்த்தால் உங்களுக்கே தெம்பு வரும். மாதம் 30 கிலோ என்றால் வருடம் 360 கிலோ அரிசி. நெல்லில் நூற்றுக்கு அறுபது அரிசி கிடைக்கும் என்று வைத்தால் 600 கிலோ நெல், அதாவது 75 கிலோ மூட்டையில் எட்டு. தூயமல்லி மாதிரி ஒரு பாரம்பரிய நெல் ரகத்தைப் புரட்டாசியில் நட்டுத் தையில் அறுத்தால், ரசாயன உரமில்லாத ஆரம்ப வருடங்களில் ஏக்கருக்கு 13, 14 மூட்டை என்று குறைத்தே வைத்தாலும் 60 சென்ட் போதும். எண்ணெய் வருடத்துக்கு 36 லிட்டர். செக்கில் லிட்டருக்கு இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு, ஆக 90 கிலோ பருப்பு, காயாக 130 கிலோ. 20 சென்ட்டில் வந்துவிடும். காய்கறிக்கும் கீரைக்கும் 15 சென்ட். தட்டாம்பயறும் மொச்சையும் துவரையும் வரப்பிலும் ஊடுபயிராகவும் போகட்டும். வேலியோரம் முருங்கை. ஒரு ஏக்கர்கூட முழுதாக ஆகவில்லை, பாருங்கள். காலையில் பறித்த கீரையை மதியம் கடைந்து, தவிடு போகாத அரிசிச் சோற்றை அளவாக வைத்துச் சாப்பிடும் வாழ்க்கைக்கு 45 லட்சம் தேவையே இல்லை. சர்க்கரைக்கு எந்த அரிசி, எவ்வளவு என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாரம்பரிய அரிசி என்பதற்காக இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ள முடியாது.

இனி பைக்குள் வரும் கணக்கு. செலவு 42,000இல் 7,000 குறைந்தால் 35,000. மனைவி சம்பளம் 16,000. நீங்கள் தோட்டத்துக்குக் குடிபோனால் விளாங்குடி வீட்டுக்கு 9,000 வாடகை வரும் என்று வைப்போம். பற்றாக்குறை மாதம் 10,000, வருடம் 1,20,000. மருத்துவக் காப்பீட்டுக்கு 30,000 சேர்த்தால் ஒன்றரை லட்சம். தோட்டம் உங்களுக்கு 62,000 சம்பளத்தை ஈடுகட்ட வேண்டியதில்லை. எல்லாச் செலவும் போக வருடம் ஒன்றரை லட்சம் ரொக்கமாகத் தந்தால் குடும்பம் ஓடும்.

இரண்டு ஏக்கர் எடுத்தால், வீட்டுச் சாப்பாட்டுக்குப் போக மீதமுள்ள ஒரு ஏக்கரில் இதை எடுக்க முடியும், ஆனால் மண்டிக்குக் கொண்டுபோய் அல்ல. ரசாயனம் போடாத கத்தரிக்காய்க்கும் போட்ட கத்தரிக்காய்க்கும் மண்டியில் ஒரே விலை. உங்களுக்கு வேறு ஒரு சொத்து இருக்கிறது: விளாங்குடித் தெருவும் கப்பலூர் நண்பர்களும். 25 குடும்பம், வாரம் 300 ரூபாய்க்குக் காய்கறிக் கூடை, வருடத்தில் 40 வாரம் கொடுத்தால் 3 லட்சம். கூலி, குத்தகை, விதை, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் பாதி போனால் மீதி ஒன்றரை லட்சம். மிஞ்சும் காயை உழவர் சந்தையில் விற்கலாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999இல் நம் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். மல்லிகைப் பூ யோசனையை யாராவது சொல்வார்கள். முகூர்த்த நாளில் விலை ஏறுவது உண்மை. மொட்டுப்புழுவை மருந்தடிக்காமல் சமாளிப்பது புதிதாக வருபவருக்குக் கஷ்டம் என்பதும் உண்மை. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

எப்போது ராஜினாமா என்றால், வங்கி இருப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்த 25 வீடும் ஒரு முழு வருடம், ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் விடாமல் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த வருடம் முடிந்த பிறகு கடிதம் கொடுக்கலாம். அதுவரை 2 ஏக்கரை மட்டும் குத்தகைக்கு எடுங்கள், வருடம் 40,000. நிலத்தை வாங்கினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 45 லட்சத்துக்கு 4,05,000. அதை உங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்தப் பத்திரச் செலவு மட்டுமே பத்து வருடக் குத்தகைக்குச் சமம்.

குத்தகையில் ஒரு சங்கடம் உண்டு. இயற்கை விவசாயத்தில் முதல் இரண்டு வருட உழைப்பு மண்ணுக்குள் போகிறது. பலதானியம் விதைத்து, வளர்ந்ததும் மண்ணுக்கு உரமாக மடக்கி உழுவது, தொழு உரம், ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசல் எல்லாம் பலன் தரத் தொடங்கும்போது நிலக்காரர் ‘போதும் தம்பி’ என்று சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. இயற்கை விவசாயச் சான்றிதழ் வாங்கவும் ஒருவருடப் பயிருக்கு இரண்டு வருடம், மரப்பயிருக்கு மூன்று வருடம் ரசாயனம் போடாமல் காத்திருக்கும் மாற்றக் காலம் உண்டு. அதுவும் அந்த நிலத்துக்குத்தான் சேரும். அதனால் வாய்ப்பேச்சு வேண்டாம். ஐந்து வருடத்துக்கு எழுதி, பதிவு செய்யுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். விற்பதாக இருந்தால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்ற ஷரத்தும் இருக்கட்டும். கையெழுத்துக்கு முன் பட்டா, வில்லங்கச் சான்று, மின் இணைப்பு யார் பெயரில் என்பது, வண்டிப்பாதை எல்லாவற்றையும் பாருங்கள். பெரியாறு கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை உள்ள இருபோகப் பாசனத்துக்குள் அந்த நிலம் வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். கிணறு மட்டும்தான் என்றால் அதை மார்கழியில் பார்த்து ஏமாறாதீர்கள்.

செலவில் எங்கே அடி விழும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஜீவாமிர்தம் மலிவு: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண். ஓர் ஏக்கருக்கு ஒரு தடவை 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பணத்தைத் தின்பது களை. களைக்கொல்லி இல்லாத தோட்டத்தில் கையால்தான் எடுக்க வேண்டும், கூலி ஆள் வேண்டும், சீசனில் ஆள் கிடைக்காது. உங்கள் குடும்பமும் குனிந்து களை எடுக்கத் தயாராக இருந்தால்தான் நான் சொன்ன ‘பாதிச் செலவு’ பாதியில் நிற்கும். அந்தத் தோட்டப் பக்கம், சிறுமலை அடிவாரத்தில், காட்டுப்பன்றி கடலையைத் தோண்டும், மயில் நாற்றைக் கொத்தும், வேலிக்கும் பணம் ஒதுக்குங்கள். மாடு இப்போது வேண்டாம். மாடு வந்தால் வீட்டில் ஒருவர் வெளியூர் போக முடியாது. சாணத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டெபாசிட் 11 லட்சத்தில் மகள் கல்லூரிக்கு 6, அவசரத்துக்கு 3, தோட்டத்துக்கு 2. அந்த இரண்டு லட்சம் தீர்ந்தால் மூன்றாவது லட்சத்தை எடுக்கக் கூடாது. 9 லட்சம் கடன் வேண்டவே வேண்டாம். பி.எஃப். பணத்தையும் தொடாதீர்கள். பத்து வருடத்துக்கு மேல் சேவை இருப்பதால் 58 வயதில் ஓய்வூதியமும் உண்டு. வேலையை விட்டாலும் பி.எஃப். இருப்புக்கு வட்டி சேரும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு, அவ்வளவுதான். மனையை விற்று விவசாய நிலம் வாங்கினால் மூலதன ஆதாய வரி தப்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சலுகை விவசாய நிலத்தையே விற்று மறுபடி விவசாய நிலம் வாங்குபவருக்கு. நெல், காய்கறி விற்ற காசுக்கு வருமான வரி கிடையாது. எண்ணெய் ஆட்டி விற்கத் தொடங்கினால் லாபத்தில் ஒரு பகுதி வியாபார வருமானமாகிவிடும்.

இவ்வளவுக்கும் முன்னால், இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. வேலையை விட்ட அன்றே கம்பெனி மருத்துவக் காப்பீடு போய்விடும். தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு வைக்கலாம். சர்க்கரையை மறைக்காமல் எழுதி, குடும்பப் பாலிசியை இப்போதே எடுங்கள். நான் கேட்ட மூன்று வருடத்துக்குப் பெரிய காரணம் இதுதான். 47 வயதில் நீங்கள் வெளியே வரும்போது அந்தக் காத்திருப்பும் முடிந்திருக்கும், மகளும் கல்லூரிக்குள் போயிருப்பாள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் மனைவியின் சம்பளம் இருக்கிறது, அவர் என்ன நினைக்கிறார் என்பது இல்லை. பள்ளிக்குப் பஸ் எத்தனை மணிக்கு, இரவில் பாம்பு, கழிப்பறை, மகனின் டியூஷன் எல்லாம் அவர் தலையில்தான் முதலில் விழும். வரும் சித்திரையில் நால்வரும் அந்த ஓட்டு வீட்டில் ஒரு வாரம் தங்குங்கள். காலையில் மோட்டாரை ஓட விட்டு, எத்தனை மணி நேரத்தில் கிணறு வற்றுகிறது, மறுநாள் காலைக்குள் எவ்வளவு ஊறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவையும் உங்கள் மனைவி சொல்வதையும் எழுதி அனுப்புங்கள். குத்தகைப் பத்திரத்தின் வாசகத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.