பம்ப் பழக்கமாகிவிடுமா?

ஜூன் பிறந்து மழை பிடித்துவிட்டால் மும்பை வாசகர்களின் கடிதங்களில் பாதி ஆஸ்துமா இழுப்பைப் பற்றித்தான். இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

என் மகனுக்கு 7 வயது. காலையும் இரவும் ஸ்டீராய்டு பம்ப் (இன்ஹேலர்) கொடுக்கச் சொன்னார் டாக்டர். "சின்ன வயசுலயே பம்ப் வெச்சா பழகிடும், சிரப்பே போதும்" என்கிறார் மாமியார். நிறுத்திவிடட்டுமா?
— வாசகி, செம்பூர்

நிறுத்தாதீர்கள். பம்பை விட்டதும் இழுப்பு திரும்பி வருகிறதென்றால், நோய் இன்னும் உள்ளே இருக்கிறது என்றுதான் பொருள்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் நாள்பட வீங்கியிருக்கும், சளியும் கோத்திருக்கும். அந்த நிலையில் தூசியோ புகையோ ஜலதோஷமோ சீண்டினால், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்ளும். சால்பியூட்டமால் பம்ப் அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். 5 நிமிடத்தில் வேலை செய்யும், 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். ஆனால் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தை வடிய வைப்பது ஸ்டீராய்டு பம்ப்தான். அதன் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். அந்தப் பொறுமை இல்லாமல்தான் பலர் பாதியில் விடுகிறார்கள்.

இனி கணக்கு. சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம் மருந்து. பம்பில் ஒரு பஃப் (ஒருமுறை அழுத்தினால் வருவது) 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு கரண்டி சிரப், 20 பஃப்புக்குச் சமம். மெதுவாக வேலை செய்யும், கை நடுக்கமும் படபடப்பும் அதிகம். ஸ்டீராய்டும் அப்படித்தான். பம்பில் குழந்தைக்குப் போவது நாளுக்கு 200 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். பம்பை நிறுத்தி இழுப்பு முற்றினால், 20 கிலோ குழந்தைக்கு வாய்வழியாகத் தரும் ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 20 மில்லிகிராமாவது ஆகும். இரண்டும் வேறு மருந்துகள், வீரியமும் வேறு. ஆனாலும் 200 மைக்ரோகிராம் எங்கே, 20,000 மைக்ரோகிராம் எங்கே!

உயரம் குறையுமா என்றும் கேட்பீர்கள். சுமார் 1 சென்டிமீட்டர் குறையலாம். அது முதல் ஓரிரு வருடத்தில் நேர்வது. வருடா வருடம் கூடிக்கொண்டே போவதில்லை. 3 மாதம் தொந்தரவே இல்லாமல் போனால் டாக்டரே அளவைக் குறைப்பார். மழையின் நடுவில் நீங்களாகக் குறைக்காதீர்கள்.

ஸ்டீராய்டு பம்ப் போட்டதும் பையன் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். தலைக்குக் குளித்தபின் சாம்பிராணி போடும் வழக்கம் வீட்டில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மாமியாரிடம் வாதாட வேண்டிய விஷயம் அதுதான்.

இரண்டு பம்பும் தவறாமல் போடுகிறேன். ஆனாலும் தாதர் ஸ்டேஷன் பாலம் ஏறினால் மூச்சு வாங்குகிறது. மருந்தைக் கூட்டலாமா?
— வாசகர், டோம்பிவிலி

கூட்டும் முன், போடும் விதத்தைச் சரிபாருங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான்.

ஸ்ப்ரே பம்ப் என்றால்: குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். உதட்டால் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கியதும் ஒருமுறை அழுத்தி, 4, 5 விநாடி தொடர்ந்து இழுங்கள். 10 விநாடி மூச்சை அடக்குங்கள். அரை நிமிடம் கழித்துத்தான் அடுத்த பஃப். படக்கென்று இழுத்தால் மருந்து தொண்டையில் அறைந்து நின்றுவிடும். கேப்ஸ்யூல் போட்டுத் திருகும் கருவியில் இதற்கு நேர்மாறு: பொடி பறக்க, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் முறையை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். கேப்ஸ்யூலைக் குளியலறை அலமாரியில் வைத்தால் மழை ஈரத்தில் பொடி கட்டிவிடும்.

ஸ்ப்ரேக்கு ஸ்பேசர் (பம்பின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் கூடு) வாங்குங்கள். பெரியவர்களுக்கும் அது தேவைதான். அதற்குள் ஒரு பஃப் அடித்து, அதை இழுத்த பிறகுதான் அடுத்தது. கழுவும்போது சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பம்ப் காலியா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது பயனற்றது. மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். எண் காட்டும் பம்ப் இல்லையென்றால் கணக்கு வையுங்கள்: 120 பஃப், நாளுக்கு 4 என்றால் 30 நாள். இத்தனையும் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால் டாக்டரிடம் போங்கள். இதயத்தையும் ரத்தசோகையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூலை வந்தாலே என் மனைவிக்கு ராத்திரி இருமல். சுவரெல்லாம் கறுப்பாகப் பூத்திருக்கிறது.
— வாசகர், தாராவி

பூஞ்சை, கூடவே மெத்தைத் தூசிப்பூச்சி. இரண்டும் ஈரத்தில் செழிப்பவை. அறைக்குள் கொடி கட்டி ஈரத்துணி காயப்போடுவதுதான் பெரிய வினை. வேறு வழியில்லையென்றால், அவர் படுக்கும் அறையில் மட்டுமாவது வேண்டாம். சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், அவர் வெளியே இருக்கும்போது. ஒழுக்கை அடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். தலையணை உறை, விரிப்பு வாரம் ஒருமுறை கொதிக்கும் சூட்டில் ஊறட்டும். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை.

கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போட ஆரம்பித்ததிலிருந்து பழைய இழுப்பு திரும்பிவிட்டது. தொடர்பு உண்டா?
— வாசகர், மாட்டுங்கா

புட்டியில் டைமோலால் என்று இருந்தால், உண்டு. சொட்டு மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயை இறுக்கும். இன்றே கண் டாக்டரிடம் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லுங்கள்; வேறு சொட்டுகள் இருக்கின்றன. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் சிலருக்கு இப்படிச் செய்யும்.

ஹைதராபாத் மீன் மருந்து?
— வாசகி, முலுண்ட்

உயிருள்ள சின்ன மீனின் வாயில் மருந்து வைத்து விழுங்கத் தருகிறார்களே, அது குணப்படுத்துவதற்கு ஆதாரம் இல்லை. அதை நம்பிப் பம்பை விட்டுவிடுவதுதான் ஆபத்து.

திடீரென்று முற்றினால் என்ன செய்வது? மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர் கருவி வாங்கி வைக்கட்டுமா?
— வாசகி, சயான் கோலிவாடா

பெரும்பாலோருக்குத் தேவையில்லை, ஸ்பேசரோடு பம்ப் அதே வேலையைச் செய்யும், மின்சாரமும் வேண்டாம். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். சால்பியூட்டமால் 4 பஃப். ஒவ்வொன்றையும் தனியாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடம் பாருங்கள். தணியாவிட்டால் இன்னொரு 4 பஃப் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, விலா உள்வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, ஆக்ஸிமீட்டர் 92-க்குக் கீழே காட்டுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். வீசிங் சத்தம் நின்றும் ஆள் சோர்ந்துகொண்டே போனால், அது குணமாவதன் அறிகுறி அல்ல. சத்தம் எழும்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை.