முகத்தில் வளரும் அதிகப்படியான முடியை மாத்திரையால் குறைக்க முடியுமா?

குறைக்க முடியும், ஆனால் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். பெண்களின் மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் ஆண்களுக்கு வளர்வதைப் போலக் கறுத்துத் தடித்த முடி வளர்வதையே இங்கு அதிகப்படியான முடி என்கிறோம். ஆண்மை ஹார்மோன்கள் எனப்படும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் பெண் உடலிலும் சிறிதளவு சுரப்பவைதான். அவை கூடினாலோ, முடிவேர்கள் அவற்றுக்கு மிகையாக இணங்கினாலோ, பூனைமுடி தடித்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு இதன் பின்னணியில் இருப்பது பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு.

வழக்கமாக முதலில் தரப்படுவது கருத்தடை மாத்திரை. அது சினைப்பையின் ஆண்ட்ரோஜன் சுரப்பைத் தணிக்கிறது. ஆறு மாதத்தில் பலன் போதாவிட்டால், முடிவேரில் அந்த ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனைச் சேர்ப்பார்கள். கருவிலுள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியை இம்மருந்து பாதிக்கக்கூடும் என்பதால், கருத்தரிப்பைத் தவிர்த்தே இதை உட்கொள்ள வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியத்தையும் இது கூட்டலாம். ஆகவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

இவ்வளவு தாமதம் ஏன்? பெங்களூரு வீடுகளில் காவிரிக் குழாயின் வால்வை மூடினாலும் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், ஏற்கெனவே நிறைந்த தண்ணீர் அப்படியேதான் இருக்கும். மாத்திரையும் வரப்போகும் முடியை மெலிதாக்குமே தவிர, முளைத்துவிட்டதை உதிர்க்காது. அதற்குத் திரெடிங்கோ லேசரோ கூடவே தேவைப்படும்.

மணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்தால் பிற்பாடு குழந்தை தங்காது என்று அல்சூர், சிவாஜிநகர்த் தாய்மார்கள் பலர் அஞ்சுவதுண்டு. மாத்திரையை நிறுத்தியபின் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும் என்பதால் அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை.